தவணையில் வாங்கும் வெளிச்சம்: வீட்டுச் சூரிய மின் தொகுப்பு பற்றிய மதிப்பாய்வு

மின்கம்பி இன்னும் எட்டாத ஊர்களை மனத்தில் வைத்து விற்கப்படும் வீட்டுச் சூரிய மின் தொகுப்பு ஒன்றை, மழைக்காலத்தையும் சேர்த்துப் பல மாதங்கள் பயன்படுத்திப் பார்த்தேன். கூரையில் பொருத்தும் 20 வாட் சோலார் பேனல், சுவரில் மாட்டும் பேட்டரிப் பெட்டி, மூன்று எல்.ஈ.டி. விளக்குகள், கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றும் இணைப்பு, சிறிய வானொலி ஆகியவை இதில் அடக்கம். முன்பணம் கட்டிவிட்டு, மீதியைச் சிறு தவணைகளில் செலுத்திச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு, வாங்கலாம் என்றே சொல்வேன். ஆனால் பேனலின் வாட் அளவை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், பழுது நீக்க வருபவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்பதையும், தவணைகள் அனைத்தையும் கூட்டினால் மொத்த விலை எவ்வளவு ஆகிறது என்பதையும் கேட்டறிந்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை எந்தக் குறையும் இல்லை. சாதாரண மண்ணெண்ணெய்த் திரிவிளக்கு ஏறத்தாழ 10 லூமென் ஒளியைப் புகையோடு சேர்த்துத் தருகிறது. இந்தத் தொகுப்பில் உள்ள 2 வாட் எல்.ஈ.டி. விளக்கு ஒன்றே ஏறத்தாழ 200 லூமென் தருகிறது. மின்சாரத்தின் அளவை மட்டும் கணக்கிட்டு, ஒரு யூனிட்டுக்கு இது மின்கம்பி வழி வரும் மின்சாரத்தைவிடப் பல மடங்கு விலை ஆகிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அந்தக் கணக்கு தவறில்லை. ஆனால் கம்பியே இல்லாத வீட்டில் இதை ஒப்பிட வேண்டியது மண்ணெண்ணெய்க்கும், மெழுகுவர்த்திக்கும், வேறிடம் சென்று கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்வதற்கும் ஆகும் செலவோடுதான்.

20 வாட் பேனலில் ஐந்து மணி நேரம் நல்ல வெயில் விழுந்தால் 100 வாட் மணி (ஒரு வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடத் தேவையான மின்சாரம் ஒரு வாட் மணி) கிடைக்க வேண்டும். வெப்பம், தூசி, பேட்டரியில் ஏறி இறங்கும்போது ஏற்படும் இழப்பு ஆகியவை போக, கைக்கு வருவது ஏறத்தாழ 70. மூன்று விளக்குகளும் ஐந்து மணி நேரம் எரிந்தால் 30 போய்விடும். இரண்டு கைப்பேசிகளுக்கு 20 ஒதுக்கினால், மிஞ்சுவதில் வானொலியும், 10 வாட் நேர்மின் (டி.சி.) மேசை விசிறி இருந்தால் அது ஒன்றரை மணி நேரமும் ஓடும். வானம் மூடிய நாட்களில் பேனல் தருவது வழக்கத்தில் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுவதால், அடைமழையின் மூன்றாம் நாளில் ஒரே ஒரு விளக்கைத்தான் எரிக்க முடிந்தது. கிளையின் நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தாலும், அதனுள் உள்ள சூரிய செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், இழப்பு நிழல் விழுந்த பகுதியோடு நிற்பதில்லை. பொருத்த வருபவர் இதைக் கவனிக்காமல் போனால், வாங்கியவர் பேட்டரியைத்தான் குறை சொல்வார்.

பணம் கட்டும் முறையில் நிறைய யோசித்திருக்கிறார்கள். கைப்பேசி வழியாகத் தவணை செலுத்தியதும் குறுஞ்செய்தியில் ஓர் எண் வருகிறது. அதைப் பெட்டியின் விசைகளில் அழுத்தினால், கட்டிய தொகைக்குரிய நாட்கள் வரை மின்சாரம் திறந்திருக்கும். கென்யாவில் 2007-இல் எம்-பெசா கைப்பேசிப் பணச் சேவை பரவத் தொடங்கி, அதன்மேல் எம்-கோபா போன்ற நிறுவனங்கள் தவணைச் சூரிய மின்சாரத்தைக் கட்டியெழுப்பியதால்தான், மொத்த விலையைத் திரட்ட முடியாத குடும்பங்களுக்கும் இது எட்டியது. ஆயினும் தவணை தவறிய இரவில் பெட்டி பூட்டிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நாள்தோறும் கூலி பெறுபவருக்கு நாள் தவணை பொருந்தும். அறுவடையின்போது மட்டுமே பணம் பார்க்கும் உழவருக்கு அது பொருந்தாது. கர்நாடகத்தில் 1995-இல் தொடங்கிய செல்கோ என்ற சூரிய மின் நிறுவனம், கிராம வங்கிக் கடனை வாங்குபவரின் வருமானம் வரும் காலத்துக்கு ஏற்ப அமைக்க முயன்றது. தவணை முறையில் விற்பவர்கள் இதை ஏன் பின்பற்றுவதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

எனக்கு மிகவும் ஏமாற்றம் தந்தது பழுதுநீக்கும் சேவை. இணைப்புப் பெட்டியில் ஈரம் புகுந்து சார்ஜ் ஏறாமல் நின்றபோது, உதவி எண்ணில் பேசியவர் பணிவாகப் பேசினார். ஆனால் ஆள் வரப் பல நாட்கள் ஆயின. அதைவிட வருத்தம், விளக்கே எரியாத அந்த நாட்களும் நான் பணம் கட்டிய நாட்களாகவே கணக்கிடப்பட்டன. பழுது நீங்கும் வரை கணக்கை நிறுத்திவைக்க மென்பொருளில் ஒரு சிறு மாற்றம் போதும். ராஜஸ்தானின் திலோனியாவில் உள்ள பேர்ஃபூட் கல்லூரி, பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத கிராமத்துப் பெண்களுக்கே சூரியத் தொகுப்புகளைப் பொருத்தவும் பழுது நீக்கவும் கற்றுத்தந்திருக்கிறது. அப்படி ஒருவர் அக்கம்பக்கத்தில் இருந்திருந்தால் என் பெட்டி அன்றே சரியாகியிருக்கும்.

பேட்டரி லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையா, ஈய அமில வகையா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். முன்னது பெரும்பாலும் 2000 முறைக்கு மேல் சார்ஜ் ஏறி இறங்கத் தாங்கும், பின்னது அதற்கு வெகு முன்பே ஓய்ந்துவிடும். இத்தகைய சிறு சூரியத் தொகுப்புகளைச் சோதிப்பதற்கான சர்வதேச முறையான ஐ.இ.சி. 62257-9-5-இன்படி தொகுப்பு சோதிக்கப்பட்டதா என்பதையும் பாருங்கள்.

மாவு அரைக்கவோ பாசனத்துக்கு நீர் இறைக்கவோ இதை நம்பக் கூடாது. ஒரு வீட்டுக்கு எவ்வளவு மின்வசதி கிடைக்கிறது என்பதை அளக்கும் உலக வங்கியின் படிநிலைகளில் முதல் படிக்கு 3 வாட்டும், மூன்றாம் படிக்கு 200 வாட்டும் குறைந்த அளவாக வைக்கப்பட்டிருக்கின்றன. இந்தத் தொகுப்பு முதல் படியைத் தாண்டினாலும் 50 வாட் கேட்கும் இரண்டாம் படியை எட்டுவதில்லை. தொழிலுக்கு மின்சாரம் வேண்டுமானால், ஊர் முழுவதற்குமான சிறு மின்கட்டமைப்பையே கேட்டுப் பெற வேண்டும். வங்கதேசத்தில் 2003-இல் தொடங்கிய திட்டத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீட்டுத் தொகுப்புகள் பொருத்தப்பட்டன. பிறகு மின்கம்பி எதிர்பார்த்ததைவிட விரைவாக வந்து சேர்ந்ததால், பல வீடுகளில் அவை பயனின்றிப் போயின. ஆகவே உங்கள் ஊருக்குக் கம்பி ஓரிரு ஆண்டுகளில் வரும் என்று உறுதியாகத் தெரிந்தால், நீண்ட தவணையில் விசிறியும் தொலைக்காட்சியும் சேர்ந்த பெரிய தொகுப்புக்குப் போகாமல், இரண்டு விளக்குகளும் கைப்பேசி இணைப்பும் மட்டும் உள்ள சிறியதை வாங்குங்கள்.