தனியாள் டெவலப்பருக்கு எஸ்கியூலைட்: சில வருஷம் புழங்கிய அனுபவம்

எஸ்கியூலைட் (SQLite) என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் எனக்கு ரொம்பப் பிடித்ததே, தனியாக ஓடிக்கொண்டே இருக்கும் சர்வர் அதில் இல்லாததுதான். கோபிச்செட்டிபாளையத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்து தனியாக புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன் நான். காசு தரும் வேலையில் வாடிக்கையாளர் சொல்லும் டேட்டாபேஸைப் போட்டுக் கொடுப்பேன். சொந்த சைட் புராஜெக்ட் என்றால் யோசிப்பதே இல்லை, எஸ்கியூலைட்தான். திருப்பூரில் துணி தைக்கும் ஒரு பவர்டேபிள் யூனிட்டின் கூலிக் கணக்கு, ஈரோட்டு மஞ்சள் விலைப் பதிவு, நான் படிக்கிறதை எழுதி வைக்கும் குறிப்புகள் என்று மூன்றும் சில வருஷமாக அதில்தான் ஓடுகின்றன. மூன்றும் மூன்று கோப்புகள், அவ்வளவுதான். ராத்திரி எழுந்து ரீஸ்டார்ட் பண்ண வேண்டிய சமாச்சாரம் எதுவும் இல்லை.

இது பிறந்ததே இந்தக் கடுப்பில்தான். 2000-ல் ரிச்சர்ட் ஹிப் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருள் வேலையில் இருந்தார். டேட்டாபேஸ் சர்வர் படுத்துவிட்டால் அப்ளிகேஷனும் சேர்ந்து படுத்துவிடும். சர்வரே வேண்டாமே என்று எழுதியதுதான் இது. இன்று ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றுக்குள்ளும் இருக்கிறது. பதிப்புரிமை கிடையாது, பொதுச்சொத்து. 2050 வரை பராமரிப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் போட்டுக் கொடுத்த கணக்கு எனக்கு வயசான பிறகும் திறக்கும் என்பது ஒரு தைரியம்.

யூனிட் வைத்திருக்கும் அண்ணன் முதலில் கேட்டது வேகத்தையோ விலையையோ அல்ல. "ஏனுங் தம்பி, கரண்ட் போனா சனிக்கெழம கணக்கு போயிருமுங்களா?" என்றார். "போகாதுங்ணா" என்று சொல்ல முடிந்தது. கோப்பில் மாற்றப்போகும் துண்டின் (பக்கம் என்பார்கள்) பழைய வடிவத்தை முதலில் ஜர்னல் கோப்பில் எழுதிவிட்டுத்தான் அது அசலைத் தொடும். பாதியில் கரண்ட் போனால், அடுத்த முறை திறக்கும்போது அந்தப் பாதி வேலையை அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதி வைக்கும் வால் (WAL) முறைக்கு மாற்றினால் ஒருவர் எழுதும்போதே மற்றவர்கள் படிக்கலாம். ஆனால் வேகத்துக்கு ஆசைப்பட்டு எழுதியது டிஸ்க்கில் சேரும்வரை எவ்வளவு காத்திருப்பது என்று சொல்லும் சிங்க்ரனஸ் அமைப்பை ஃபுல்லில் இருந்து நார்மலுக்குக் குறைத்தால், கரண்ட் போகையில் கோப்பு கெடாது என்றாலும் கடைசியாகப் போட்ட சில பதிவுகள் காணாமல் போகலாம். கூலிக் கணக்கில் ஃபுல்லையே விட்டு வைத்திருக்கிறேன். இன்னொன்று, வால் முறையில் ஓடிக்கொண்டிருக்கும்போது முதன்மைக் கோப்பை மட்டும் பென் டிரைவில் இழுத்துப் போடுவது பேக்கப் ஆகாது. புதுப் பதிவுகள் பக்கத்தில் இருக்கும் வால் கோப்பிலேயே தங்கியிருக்கலாம். 'வேக்யூம் இன்டு' (VACUUM INTO) கட்டளையால் நகல் எடுப்பதே சரி.

தமிழ்க் குறிப்புகளில் தேடுவதுதான் உண்மையான சோதனை. எஸ்கியூலைட்டோடு வரும் எஃப்டிஎஸ்5 (FTS5) என்ற முழுஉரைத் தேடலை அப்படியே போட்டால் வேலை செய்வது மாதிரியே தெரியும். கூலி என்று தேடினால் கூலி வரும். கூடவே காலி, கேலி, கோலி எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்! அதன் வழக்கமான சொல்பிரிப்பான் எழுத்தையும் எண்ணையும் மட்டுமே சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்கிறது. யூனிகோடில் நம் கால், கொம்பு, விசிறி, புள்ளி எல்லாம் எழுத்து வகையில் இல்லை, குறி வகையில் இருக்கின்றன. அதனால் அந்த இடத்திலெல்லாம் வெட்டிவிடுகிறது. கூலியும் காலியும் அதற்கு வெறும் 'க', 'ல'. 'மஞ்சள்' என்பது 'மஞ', 'சள' என்று இரண்டு துண்டு. டேபிள் உருவாக்கும்போதே கேட்டகரீஸ் (categories) அமைப்பில் எம்என், எம்சி (Mn, Mc) என்ற இரண்டு குறி வகைகளையும் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும். தமிழில் ஆப் எழுதுகிற எல்லாரும் முதல் நாளே செய்ய வேண்டியது இது.

அதற்குப் பிறகும் வேற்றுமை உருபு விடாது. 'மஞ்சள்' என்று தேடினால் 'மஞ்சளை', 'மஞ்சளுக்கு' வராது. நட்சத்திரக் குறி போட்டு முன்னொட்டாகத் தேடலாம், ஆனால் கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டு 'மஞ்சள' என்று கொடுக்க வேண்டும். சொல்லின் நடுவில் இருப்பதும் வேண்டுமென்றால் 2020-ல் வந்த, உரையை மும்மூன்று குறியீடாக வெட்டும் ட்ரைகிராம் சொல்பிரிப்பான் இருக்கிறது, ஆனால் தேடலுக்கான இன்டெக்ஸ் பெருத்துவிடும். 'கொ' போன்ற எழுத்தின் குறி ஒரே குறியீடாகவும் வரலாம், இரண்டாகவும் வரலாம். எஸ்கியூலைட் இதைக் கண்டுகொள்வதில்லை, சேமிக்கும் முன் நாமே என்எஃப்சி (NFC) என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

கடுப்பேற்றும் விஷயங்களும் உண்டு. எண் என்று அறிவித்த பீஸ் கணக்குக் கட்டத்தில் '12 டஜன்' என்று அடித்தால் அதையும் சிரித்த முகத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளும். 2021-ல், வகை தவறினால் மறுத்துவிடும் ஸ்ட்ரிக்ட் டேபிள் வந்த பிறகுதான் இதற்கு விடிவு. ஒரு டேபிள் சுட்டும் பதிவு இன்னொரு டேபிளில் உண்மையில் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபாரின் கீ சரிபார்ப்பு இயல்பில் அணைந்தே இருக்கும், ஒவ்வொரு இணைப்பிலும் போட்டுவிட வேண்டும். தேதிக்கென்று தனி வகை இல்லை. மஞ்சள் பதிவில் நாள், மண்டி, விரலி மஞ்சளா கிழங்கு மஞ்சளா, குவிண்டாலுக்குக் குறைந்த விலை, கூடிய விலை என்று ஐந்தே கட்டங்கள். வருஷம்-மாதம்-நாள் வரிசையில் எழுத்தாக வைத்தால் வரிசைப்படுத்த அதுவே போதும்.

படிப்புக்கு இதைவிட நல்ல மென்பொருள் எனக்குக் கிடைக்கவில்லை. கோப்பின் அமைப்பு முழுவதையும் பைட் பைட்டாக விளக்கி எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் 100 பைட் தலைப்பு, அதில் 16 பைட் பெயர், அடுத்த இரண்டு பைட் பக்க அளவு. அதை வைத்து பைத்தானில் சின்ன ரீடர் ஒன்று எழுதினேன். தரவைச் சீக்கிரம் தேட கிளை கிளையாக அடுக்கும் பி-ட்ரீ என்று காலேஜில் போர்டில் பார்த்தது அப்போதுதான் என் சொந்தத் தரவில் கையில் தட்டுப்பட்டது.

ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்ற எல்லை மட்டும் மாறாது. அண்ணன் போன வருஷம் அவிநாசியில் இரண்டாவது யூனிட் போட்டார். இரண்டு இடத்திலும் ஒரே கணக்கில் பதிய வேண்டும் என்றார். நெட்வொர்க் ஃபோல்டரில் கோப்பைப் பகிர்வது ஆகாத வேலை, ஒரே சமயத்தில் இருவர் எழுதாமல் தடுக்கும் பூட்டுகளை அங்கே நம்ப முடியாது. அந்தக் கணக்கை மட்டும் சர்வரில் ஓடும் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். சர்வர் வாடகை மாசாமாசம் வரும் என்றதும், "அதெப்படீங் தம்பி, இத்தன நாளா சும்மாத்தானுங்களே ஓடுச்சு?" என்றார். பேச்சுவார்த்தை நடக்கிறது.