ஃபயர்வாலைச் சரிசெய்வதாகச் சொல்லி அகற்றிவிட்டுப் போனவர்: சர்வர் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

சர்வரில் ஒரு போர்ட் (ஒரு சேவையை வெளியிலிருந்து அணுகுவதற்கான எண்ணிட்ட வாசல்) திறக்கவில்லை என்று வெளியாளை அழைப்பவர்கள், அவர் என்ன செய்துவிட்டுப் போகிறார் என்பதைப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்க வேண்டாம். நாங்கள் அப்படிக் கொடுத்தோம். 12,000 ரூபாய் போனதோடு நிற்காமல், பதினோராம் நாளில் சர்வரே எங்கள் கையை விட்டுப் போனது.

எங்கள் மொத்த விற்பனைக் கடையின் கணக்கும் சரக்கிருப்பும் வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சர்வர் ஒன்றில் இருக்கின்றன. கிளைக்கடைக்காக 8443 என்ற போர்ட்டில் புதிய சேவை ஒன்றைத் தொடங்கினோம். சர்வருக்குள்ளேயே சோதித்தபோது பதில் வந்தது. கிளையிலிருந்து சோதித்தபோது ‘நோ ரூட் டு ஹோஸ்ட்’ (சர்வருக்குப் போக வழியில்லை) என்ற பிழைச் செய்தி வந்தது. நாங்கள் அழைத்த நபர், கிளையின் இணைய இணைப்பில்தான் கோளாறு என்று முதலில் அடித்துச் சொன்னார். அதை நம்பி இரண்டு நாள்களை வீணாக்கினோம். மூன்றாம் நாள் சர்வருக்குள் நுழைந்து வேலை முடிந்தது என்றார், கிளையிலும் பில் போட முடிந்தது. ‘ஃபயர்வால் விதிகள் முழு ஆய்வு, 6 மணி நேரம்’ என்று ரசீது அனுப்பினார். ஃபயர்வால் என்பது வெளியிலிருந்து வரும் இணைப்புகளில் எதை உள்ளே விடுவது, எதை மறுப்பது என்று விதிப்படி முடிவு செய்யும் காவல். நாங்களும் கேள்வி கேட்காமல் பணத்தை அனுப்பினோம்.

பதினோராம் நாள் காலையில் பில் போடும் திரை நகரவில்லை. கடவுச்சொல்லுக்குப் பதிலாக நாங்கள் பயன்படுத்தும் டிஜிட்டல் சாவியைக் கொண்டு சர்வருக்குள் நுழைய முயன்றால் அனுமதி மறுக்கப்பட்டது. வாடகை நிறுவனத்தின் கன்சோல் (அந்தச் சாவி இல்லாமலும் சர்வரைக் கையாள உதவும் திரை) வழியாக உள்ளே போய், சாவிகள் இருக்கும் கோப்பைத் திறந்து பார்த்தோம். எங்கள் சாவிகள் ஒன்றுகூட இல்லை. கோப்பின் தொடக்கத்தில் ‘ரெடிஸ்0009’ என்ற எழுத்துகளும், அதையடுத்துப் படிக்க முடியாத குறிகளும், நடுவில் யாரோ ஒருவருடைய சாவியும் இருந்தன. அந்தத் தொடக்கம், எங்கள் சர்வரில் ஓடிய ரெடிஸ் என்ற தரவுத்தளம் தன் தரவைக் கோப்பாக எழுதும்போது இடும் முத்திரை. ரெடிஸின் வழக்கமான 6379 போர்ட் வழியாக வந்தவர், ரெடிஸையே கொண்டு தன் சாவியை அந்த இடத்தில் எழுத வைத்திருக்கிறார் என்பது அதிலிருந்தே தெரிந்தது. பிராசசர் முழுவதையும் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல் ஒன்று தின்றுகொண்டிருந்தது.

ரெடிஸுக்குக் கடவுச்சொல் வைக்காததும், அதை ரூட் உரிமையில் (சர்வரில் எதையும் செய்யக்கூடிய முழு அதிகாரத்தில்) ஓடவிட்டதும் எங்கள் பிழைகள், அவற்றை மறைக்கவில்லை. ஆனால் மூன்று ஆண்டுகளாக அந்தப் போர்ட்டை வெளியுலகம் தொட முடியாமல் காத்தது ஃபயர்வால். அது எங்கே போனது என்று தேடியபோது, அந்த நபருக்குக் கொடுத்திருந்த கணக்கின் கட்டளை வரலாறு கிடைத்தது. உள்வரும் போக்குவரத்தின் இயல்பு நிலையை ‘அக்செப்ட்’ (எல்லாவற்றையும் அனுமதி) ஆக்கியது ஒரு கட்டளை, விதிகள் அனைத்தையும் துடைத்தது அடுத்தது, அந்த வெறுமையை நிரந்தரமாகச் சேமித்தது மூன்றாவது. ஆறு மணி நேர ஆய்வு என்று ரசீதில் எழுதியவர் சர்வருக்குள் இருந்தது 14 நிமிடங்கள் என்று உள்நுழைவுப் பதிவு காட்டியது.

உண்மையான கோளாறு என்ன என்பதையும் பிறகு நாங்களே கண்டுபிடித்தோம். அவர் வருவதற்கு முந்தைய நாள் எடுத்த ஸ்னாப்ஷாட்டை (சர்வரின் அன்றைய முழுப் பிரதியை) வேறொரு சர்வரில் ஏற்றி, விதிகளை வரிசை எண்ணோடும், ஒவ்வொன்றிலும் சிக்கிய பாக்கெட்டுகளின் (தரவுத் துண்டுகளின்) எண்ணிக்கையோடும் பட்டியலிட்டோம். ஏழாவது வரி, அதுவரை எந்த விதிக்கும் பொருந்தாத அனைத்தையும் மறுக்கும் ‘ரிஜெக்ட்’. எங்கள் பணியாளர் சேர்த்த 8443க்கான அனுமதி எட்டாவது வரியில் இருந்தது. கிளையிலிருந்து ஒவ்வொரு முறை முயலும்போதும் ஏழாவது வரியின் எண்ணிக்கை ஏறியது, எட்டாவது வரி சுழியத்திலேயே நின்றது. எங்கள் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸ் விதிகளை மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் முடிவோடு நின்றுவிடும் என்பதால், அந்த அனுமதி இருந்தும் பயனில்லை. அதே விதியை ஏழாம் இடத்தில் செருகியதும் கிளைக்கு வழி திறந்தது. மற்ற எந்தக் கதவையும் தொட வேண்டியிருக்கவில்லை. ‘நோ ரூட் டு ஹோஸ்ட்’ என்ற செய்தியும் அந்த ‘ரிஜெக்ட்’ வரி திருப்பி அனுப்பிய மறுப்பிலிருந்தே வந்தது. பாக்கெட்டைப் பேசாமல் விழுங்கும் ‘டிராப்’ வரியாக இருந்திருந்தால் நீண்ட காத்திருப்புக்குப் பின் ‘டைம் அவுட்’ வந்திருக்கும். அந்தப் போர்ட்டில் இணைப்பை ஏற்கக் காத்திருக்கும் நிரல் எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ வந்திருக்கும். இந்த மூன்றுக்கும் உள்ள வேறுபாடு தெரிந்தவர் இணைய இணைப்பின் மீது பழியைப் போட்டிருக்க மாட்டார்.

ஆகவே இப்படிப்பட்ட வேலைக்கு ஆளை வைப்பவர்கள், தொடுவதற்கு முன்பும் பின்பும் உள்ள விதிப் பட்டியல் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். மாற்றப்பட்ட வரி எது, ஏன் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். போர்ட் திறந்ததை மட்டும் பார்க்காமல், வேறொரு இணைப்பிலிருந்து, திறந்திருக்கும் போர்ட்டுகளைக் காட்டும் என்மேப் என்ற கருவியைக் கொண்டு சோதித்து, மூடியிருக்க வேண்டியவை மூடியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். அது பத்து நிமிட வேலை. அதை நாங்கள் அன்றே செய்திருந்தால் 6379 திறந்து கிடந்தது அப்போதே தெரிந்திருக்கும்.

அந்த நபரிடம் கட்டளை வரலாற்றைக் காட்டினோம். “சார், நீங்கள் கேட்டது போர்ட் திறக்க வேண்டும் என்பதுதான், திறந்து கொடுத்தேன்” என்றார். பணத்தைத் திருப்பித் தரவில்லை. பழைய சர்வரை முற்றிலும் அழித்து, புதிதாக நிறுவி, எல்லாக் கடவுச்சொற்களையும் சாவிகளையும் மாற்றி முடிக்க எங்களுக்கு நான்கு நாள்கள் பிடித்தன. அந்த நான்கு நாள்களும் இரண்டு கடைகளிலும் பில்லைக் கையால் எழுதினோம்.