தேக்கு நாற்காலி செய்யச் சொல்லித் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டுமுன்

"கையாலேயே தேக்கு நாற்காலி செய்யப் பழகலாம், செய்ததை வீட்டுக்கே எடுத்துப் போகலாம்" என்று கேரளாவின் கொல்லம் மாவட்டத்தில், புனலூர் பக்கத்துப் பட்டறை ஒன்றின் விளம்பரம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. செங்கோட்டை, தென்காசி ஆட்கள் நிறையப் பேர் விசாரிப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். மரத்துக்கும் சேர்த்து என்னிடம் 18,000 ரூபாய் வாங்கி ஏமாற்றிவிட்டார்கள்.

நான் ஆசைப்பட்டது கைவேலைக்கு. உளி பிடிக்க வேண்டும், இழைப்புளி தள்ள வேண்டும், ஆணி இல்லாமல் காலையும் சட்டத்தையும் பூட்ட வேண்டும். அங்கே போனால் எல்லாவற்றையும் மெஷினில் அறுத்து, துளை போட்டு, தயாராக அடுக்கி வைத்திருந்தார்கள். எங்களுக்கு விட்டது உப்புத்தாள் தேய்ப்பதும் பசை தடவுவதும்தான். அந்தத் துளையிலும், அதற்குள் செருகும் சட்டத்தின் முனை, அதாவது நாக்கு, லொடலொடவென்று ஆடியது. கேட்டதற்கு, மரத்தூளைப் பசையில் குழைத்து இடுக்கில் அப்பிவிட்டு, "காய்ஞ்சா செட் ஆயிடும் சார்" என்றார் சொல்லிக்கொடுத்தவர். ஆள் உட்கார்ந்து பின்னால் சாயும்போது முழு இழுவையும் விழுவது பின்காலும் பக்கச் சட்டமும் சேரும் அந்த மூலையில்தான். தூளும் பசையும் அதைத் தாங்குமா?

உளி தீட்டக்கூடச் சொல்லித் தரவில்லை. எனக்கு இதுதான் இன்னும் ஆறவில்லை. உளியின் வெட்டு வாயை 25 டிகிரிக்குச் சாணை பிடித்து, நுனியை மட்டும் 30 டிகிரியில் கல்லில் தீட்டி, பின்பக்கத்தைச் சமமாகத் தேய்க்கத் தெரியாமல் கைவேலையைத் தொடங்கவே முடியாது. மொட்டை உளி மரத்தை வெட்டாது, நசுக்கும்.

அப்புறம் மரம். மழைக்காலம் முடிவதற்குள் இருக்கைக்கு அடியில் குண்டூசி அளவு ஓட்டைகள் விழுந்தன. தரையில் மைதா மாவு கொட்டினது போலத் தூள். எங்கள் தெரு ஆசாரிப் பெரியவர் அடிப்பக்கத்தைச் சுரண்டி மோந்து பார்த்தார். "தம்பி, இது தேக்கே இல்ல. ரப்பர். மேல சாயம் ஏத்திருக்கான்."

ரப்பர் மரத்தைக் குறை சொல்லவில்லை. பால் குறைந்த மரங்களை 25, 30 வருடத்தில் வெட்டுகிறார்கள். வெட்டிய கையோடு போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் ஏற்றிச் சூளையில் உலர்த்தினால் நல்ல சாமான்தான். அப்படிச் செய்யாவிட்டால், அதிலுள்ள மாவுச்சத்துக்கு வண்டும் பூசணமும் வந்துவிடும். தேக்கின் வைரப் பகுதியில், அதாவது முற்றிய நடுமரத்தில், இயற்கையாகவே எண்ணெய் உண்டு. இழைத்தால் தனி வாசம் வரும், விரலில் பிசுக்குத் தெரியும். அதனால் சாயம் ஏறாத கட்டையைக் காட்டச் சொல்லி, உங்கள் கண்முன்னே ஒரு முனையை இழைக்கச் சொல்லுங்கள். மறுத்தால் கிளம்பிவிடுங்கள். ரசீதில் மரத்தின் பெயரையும் எழுதி வாங்குங்கள். எனக்குத் தந்ததில் "பயிற்சிக் கட்டணம்" என்று மட்டும்தான் இருக்கிறது. நல்லவேளை, "தேக்கு" என்று போட்ட விளம்பரத்தை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "வேணும்னா கொல்லத்துல வந்து கேஸ் போடுங்க" என்றார்கள். எல்லை தாண்டி அலைய மாட்டோம் என்ற தைரியம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் ஊருக்கு உரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். நான் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதே விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டியவர்கள் இருந்தால், ரசீதும் நாற்காலியின் அடிப்பக்கப் படமும் அனுப்புங்கள், சேர்ந்தே கொடுப்போம்.