சிலிண்டருக்குப் பதில் ஒரு டார்ச்: சாம்பியா கிளினிக்குகளில் கையடக்க வெப்ப சிகிச்சைக் கருவி

சாம்பியாவின் ஊர்ப்புற கிளினிக் ஒன்றில் கருப்பை வாயில் புற்றாக மாறக்கூடிய திசுவை உறையவைத்து அழிக்கும் கிரையோ சிகிச்சை நின்றுபோயிருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது சிலிண்டரை. கேஸ் தீர்ந்தால் பெரிய நகரத்துக்கு வண்டி அனுப்ப வேண்டும். நிரப்பி வந்த கேஸில் ஈரமோ தூசியோ இருந்தால் கைப்பிடியின் மெல்லிய குழாய் பாதியில் அடைத்துக்கொள்ளும். எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் மூன்று நிமிடம் உறையவைத்து, ஐந்து நிமிடம் இளகவிட்டு, மறுபடி மூன்று நிமிடம் என்று ஒரு பெண்ணுக்குப் பதினொரு நிமிடம் போய்விடும். இந்த வேலையைத்தான் இப்போது பேட்டரியில் ஓடும் ஒரு கையடக்கக் கருவி வெப்பத்தால் செய்கிறது. பார்க்கப் பெரிய டார்ச் லைட் மாதிரி இருக்கும். லைகர், வைசாப் போன்ற நிறுவனங்களின் மாடல்கள் புழக்கத்தில் உள்ளன. வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். ஆனால் கருவியை மட்டும் வாங்கிவைத்தால் பாதிக் காசு வீண்.

தத்துவம் பழையது. ஜெர்மானிய மருத்துவர் குர்ட் செம் 1960களிலேயே மேசைமேல் வைக்கும் கருவியாக இதைச் செய்துவிட்டார். சூடான உலோக முனையைக் கருப்பை வாயில் அழுத்தி, புற்றாக மாறக்கூடிய திசுவை வேகவைத்து அழிப்பதுதான் வேலை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதற்கெனத் தனி வழிகாட்டுதல் வெளியிட்ட பிறகு கொள்முதல் சூடுபிடித்தது. மொத்த ஒப்பந்தத்தில் ஒரு கருவி ஆயிரம் டாலரைச் சுற்றி வருகிறது. கேஸ் செலவையும் வண்டிச் செலவையும் கூட்டிப் பார்த்தால் இது அதிகமில்லை.

சாம்பியாவுக்கு இது பொருந்துவதற்குக் காரணம், கருவி வருமுன்பே அங்கே ஆட்கள் தயாராக இருந்ததுதான். 2006இல் மருத்துவர்கள் குரோஸ்பெக் பார்ஹாமும் முலிந்தி ம்வனஹமுந்துவும் தலைநகர் லுசாகாவில் தொடங்கிய திட்டத்தில், எச்.ஐ.வி. கிளினிக்கை ஒட்டிய அறையில் செவிலியர்களே பரிசோதனை செய்தார்கள். டிஜிட்டல் கேமராவில் எடுத்த படத்தைச் சந்தேகம் வரும்போது மருத்துவர் பார்த்தார். 2013க்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அங்கே பரிசோதிக்கப்பட்டார்கள். எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்குக் கருப்பை வாய்ப் புற்று வரும் அபாயம் ஏறத்தாழ ஆறு மடங்கு. அந்த அறையைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான். அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் இந்த ‘வயா’ முறை உயிரைக் காக்கும் என்பதற்குப் பெரிய சான்று திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து வந்தது. ஆர். சங்கரநாராயணன் குழுவின் ஆய்வு 2007இல் வெளியானபோது, ஒரே ஒரு முறை வயா பார்த்துத் தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சை கொடுத்ததிலேயே இந்தப் புற்றால் வரும் மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது. அங்கும் வேலையைச் செய்தவர்கள் செவிலியர்களே.

இனி கருவிக்கு வருவோம். கைப்பிடி, பேட்டரி, சார்ஜர், இரண்டு மூன்று முனைகள். 19 மில்லிமீட்டர் அகலத் தட்டை முனைதான் அன்றாட வேலைக்கு. நடுவில் சிறு குமிழ் வைத்த முனை கருப்பை வாய்த் துளையில் உட்கார்ந்து வழுக்காமல் நிற்கும். 16 மில்லிமீட்டர் முனை சிறிய கருப்பை வாய்க்கு உதவும். தண்டைச் சுற்றி வெப்பத் தடுப்பு உறை உள்ள மாடலையே கேளுங்கள். கருப்பை வாயில் உணர்ச்சி நரம்பு குறைவு என்பதால் ஊசி போடாமலே சமாளிக்கலாம். பக்கத்து யோனிச் சுவரில் பட்டால்தான் பெண் துடித்துப்போவார்.

வேலை தொடங்குவது அமிலத்தில். 95 மில்லி காய்ச்சி வடித்த தண்ணீரில் 5 மில்லி கிளேசியல் (நீர் கலக்காத) அசிட்டிக் அமிலத்தை ஊற்றினால் ஐந்து சதவீதக் கரைசல். அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும். மாற்றிச் செய்யக் கூடாது. நீர்க்க மறந்த பாட்டில் கைக்கு வந்தால் அதுவே புண்ணாக்கிவிடும், ஆகவே பாட்டிலில் கலந்த தேதியும் கலந்தவர் பெயரும் இருக்கட்டும். பஞ்சில் தோய்த்துத் தடவி, முழு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். முப்பது நொடியில் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்பது அவசரக் கிளினிக்குகளில் நடக்கும் தவறு. இளஞ்சிவப்புப் பரப்பில், துளையைச் சுற்றிய எல்லைக்கோட்டை ஒட்டி, ஓரம் தெளிவாக வெட்டினாற்போல அடர்ந்த வெள்ளைத் திட்டு எழுந்தால் அதுதான் வயா பாசிட்டிவ். மங்கலான, ஓரம் கலைந்த வெண்மை பெரும்பாலும் அழற்சி.

யாருக்குச் சூடு வைக்கலாம் என்பதில் கறாராக இருக்க வேண்டும். திட்டு முழுவதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், துளைக்குள் நுழைந்திருக்கக் கூடாது, கருப்பை வாய்ப் பரப்பில் முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது, பெண் கர்ப்பமாக இருக்கக் கூடாது. தொட்டதும் ரத்தம் வடிந்தாலோ, முண்டும் முடிச்சுமாக இருந்தாலோ, அரித்த புண்ணாகத் தெரிந்தாலோ கருவியை எடுக்கவே கூடாது. திசு மாதிரி எடுத்து மேல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இந்தக் கருவியால் விளையக்கூடிய மிகப் பெரிய தீங்கு இங்கேதான் இருக்கிறது. புற்றின் மேல்தோலை மட்டும் பொசுக்கிவிட்டால் அடியில் அது வளர்ந்துகொண்டே போகும், பெண்ணோ ‘சிகிச்சை ஆயிற்று’ என்று நம்பி வீட்டில் இருப்பார்.

தகுதி உறுதியானபின் வேலை சுருக்கம். முனையைத் திட்டின் மேல் சமமாக அழுத்தி, 100 டிகிரியில் 20 முதல் 30 நொடி. பீப் ஒலித்ததும் எடுத்து, முந்தைய வட்டத்தின் மேல் கொஞ்சம் ஏறுமாறு அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். திட்டை மட்டும் மூடினால் போதாது, துளையைச் சுற்றி, புற்று தொடங்கக்கூடிய உருமாற்றப் பகுதி முழுவதும் மூடப்பட வேண்டும்; சிலருக்கு ஒன்றே போதும், சிலருக்கு ஐந்து வரை ஆகும். வெந்த இடம் வெளிறி நிற்கும். இரண்டு வட்டங்களுக்கு நடுவே சிவப்பு நிலவுபோல ஒரு துண்டு தப்பியிருக்கிறதா என்று விளக்கைத் திருப்பிப் பாருங்கள். மாதவிடாய் வலிபோல அடிவயிறு இழுக்கும், லேசாகப் புகை நாற்றம் வரும். இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெண் பயப்பட மாட்டார்.

குறைகளில் முதலாவது மின்சாரம். 2024 வறட்சியில், நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு தரும் கரீபா அணை வற்றி நாடே மணிக்கணக்காக இருளில் கிடந்தது. அப்படிப்பட்ட நாளில் ஒற்றை பேட்டரியோடு வரும் கருவி அலங்காரப் பொருள்தான். ஒரு கருவிக்கு இரண்டு பேட்டரி, தடுப்பூசி குளிர்பெட்டிக்கு வைத்த சோலாரிலிருந்து சார்ஜ் செய்ய ஒரு வழி, இரண்டையும் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். சார்ஜ் குறைந்த நிலையில் தொடங்கி நடுவில் நின்றால் அந்த இடத்துக்குப் புதிதாக முழு நேரமும் கொடுக்க வேண்டும். மிச்ச நொடிகளை மட்டும் கொடுப்பது செல்லாது.

இரண்டாவது முனைகளின் எண்ணிக்கை. ‘நூறு டிகிரி சூட்டில் எது உயிரோடு இருக்கும்?’ என்று துடைத்துவிட்டு அடுத்தவருக்கு எடுப்பவர்கள் உண்டு. முனை சுடும், தண்டும் உறையும் சுடாது. அழுக்கு அங்கேதான் ஒட்டியிருக்கும். கழுவி, தயாரிப்பாளர் சொன்ன கிருமிநாசினியில் ஊறவைத்து, கொதிக்கவைத்து ஆறிய நீரில் அலசிக் காயவைக்க வேண்டும். குளோரின் அனுமதிக்கப்பட்ட மாடலானால், அங்கே கடையில் கிடைக்கும் 3.5 சதவீத ‘ஜிக்’ பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஆறு பங்கு சேர்த்தால் 0.5 சதவீதம், ஊற வேண்டியது 20 நிமிடம், அதற்குமேல் விட்டால் உலோகம் அரிக்கும். அலசல், உலர்த்தல் எல்லாம் சேர்த்து அரை மணிக்கு மேல் ஆவதால், பெட்டியோடு வரும் முனைகளை வைத்துக் கூட்டமான காலையைத் தாண்ட முடியாது. கூடுதல் முனைகள் வாங்குங்கள். முனையில் கருகிய திசு படிந்தால் வெப்பம் சீராக இறங்காது. அன்றன்றே மென்மையான பிரஷால் எடுத்துவிட வேண்டும்.

பலன் எப்படி? லுசாகாவில் 750 பெண்களை மூன்று குழுவாகப் பிரித்து நடந்த சோதனையின் முதல் கட்டம் 2020இல் வெளியானது. ஆறு மாதத்தில் வெற்றி கிரையோவில் 60, வெப்ப சிகிச்சையில் 64, மின்கம்பியால் வெட்டி எடுப்பதில் 67 சதவீதம். வித்தியாசம் புள்ளியியல்படி பொருட்டல்ல. ஆக கிரையோவை விட்டு இதற்கு மாறுவதால் நஷ்டமில்லை. ஆனால் 64 என்பது 100 அல்ல. விற்பனையாளர் காட்டும் பளபளப்பான தாளில் இந்த எண்ணைத் தேடிப் பாருங்கள்.

எனவே பன்னிரண்டு மாதம் கழித்து மறுபரிசோதனை கட்டாயம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அதற்கு அடுத்த ஆண்டும் ஒருமுறை. நீர்போன்ற கசிவு சில வாரம் இருக்கும், நான்கு வாரம் உடலுறவு வேண்டாம், முடியாவிட்டால் ஆணுறை; காய்ச்சல், நாற்றமடிக்கும் கசிவு, கட்டியாக ரத்தம் என்றால் உடனே வர வேண்டும். இதையெல்லாம் கணவரையும் வைத்துக்கொண்டு நியாஞ்சா, பெம்பா போன்ற உள்ளூர் மொழியில் சொன்னால் கடைப்பிடிப்பார்கள். பதிவேட்டில் மறுவருகைத் தேதிக்குப் பக்கத்தில் இரண்டு போன் எண்களுக்கு இடம் விடுங்கள். சிம் மாற்றுவது அங்கே சகஜம், இரண்டாவது எண் அக்காவுடையதாகவோ பக்கத்து வீட்டுக்காரருடையதாகவோ இருக்கட்டும்.