அஞ்சல் வழி எம்.ஏ. சமூகவியல்: மூன்றரை ஸ்டார்

தருமபுரியில் வக்கீல் ஆபீஸ் டைப்பிஸ்ட் நான். பகலில் ஜாமீன் மனு, ராத்திரியில் சமூகவியல். விருப்பப் பாடம் குற்றவியல்.

பாடத்தைக் குறை சொல்ல முடியாது. 1876-ல் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ மண்டையையும் தாடையையும் அளந்து ‘பிறவிக் குற்றவாளி’ என்றார். 1938-ல் அமெரிக்கச் சமூகவியலாளர் மெர்ட்டன், ஆசையைக் காட்டிவிட்டு வழியை அடைத்தால் சிலர் குறுக்கு வழியைத்தான் பிடிப்பார்கள் என்றார். இதைப் படித்த மறுநாள் ஒரு பைக் திருட்டு மனு. ‘மனுதாரர் வழக்கமான குற்றவாளி அல்லர்’ என்று அடிக்கும்போது விரல் நின்றுவிட்டது. சில சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய 1871-ன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1952-ல் ஒழிந்தது. அந்த வாடை மட்டும் இன்னும் மனுக்களில் இருக்கிறது.

சரி, குறைகள். புத்தகக்கட்டு வந்ததே தேர்வுக்குப் பதினோரு நாள் முன்பு. நகரை வட்டங்களாகப் பிரித்து எங்கே குற்றம் அதிகம் என்று பார்த்த சிகாகோ ஆய்வுக்கு எட்டுப் பக்கம். 1992-ல் சேலத்தில் தொடங்கி 2001-ல் எங்கள் மாவட்டத்துக்கும் வந்த, பெண் சிசுக்கொலையைத் தடுக்கும் தொட்டில் குழந்தைத் திட்டத்துக்கு ஒரு வரி இல்லை. நேர்முக வகுப்பு சேலத்தில். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் முதல் வகுப்பு போச்சு.

சேர்ந்தால் குற்றவியலை எடுங்கள். அப்புறம், புள்ளியியல் சொல்லித்தர இப்போதே ஆள் பிடித்து வையுங்கள்.