பதினான்கு மாதம் அணிந்த ஜெல் நகப்பூச்சு: கோத்தகிரியிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

கோத்தகிரியில் வீட்டு முன்னறையில் தையல் இயந்திரம் போட்டுத் தொழில் செய்கிறேன். 2023 செப்டம்பரில், இணையக் கடை ஒன்றில் 949 ரூபாய் கொடுத்து ஜெல் நகப்பூச்சுத் தொகுப்பு ஒன்றை வாங்கினேன். ஆறு வண்ணங்கள், வண்ணத்துக்கு அடியில் பூசும் ஒரு பேஸ் கோட், மேலே பூசும் ஒரு டாப் கோட், கால்களை மடக்கி வைக்கக்கூடிய சிறிய புற ஊதா விளக்கு ஆகியவை அதில் இருந்தன. பார்லர்களில் பயன்படும் புகழ்பெற்ற வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் பாட்டில் வடிவம், மூடியின் பளபளப்பு, எழுத்தின் சாய்வு எல்லாம் அச்சு அசலாக இருந்தன. பெயரில் மட்டும் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. பெட்டியின் மேல் பொன்னிறத்தில் 'தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற பொருளில் ஆங்கில வாசகம் அச்சாகியிருந்தது. அதை வாங்கியதற்கு அந்த வாசகமும் ஒரு காரணம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இதைப் பதினான்கு மாதம் தொடர்ந்து அணிந்தேன், பிறகு நிறுத்த நேர்ந்தது, அதன் பின்விளைவுகளோடு ஓராண்டு கழிந்துவிட்டது. இந்தப் பொருளுக்குக் குவிந்திருக்கும் ஐந்து நட்சத்திரங்களில் பெரும்பாலானவை முதல் வாரத்தில் போடப்பட்டவை. முதல் வாரத்தில் கேட்டிருந்தால் நானும் ஐந்துதான் போட்டிருப்பேன். அதனால்தான் இவ்வளவு காலம் கழித்து எழுதுகிறேன்.

அதற்கு முன்பு குன்னூரில் ஒரு பார்லருக்குப் போய்வந்தேன். ஒரு முறைக்கு 1,200 ரூபாய், பேருந்துச் செலவு, அரை நாள் வேலை இழப்பு. மூன்று வாரத்துக்கு ஒரு முறை அதைத் தாங்க முடியவில்லை. வீட்டிலேயே போடத் தொடங்கியபின் முதல் மூன்று மாதம் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. வண்ணம் அழகாக இருந்தது, பத்து நாள் வரை ஓரம் பெயரவில்லை, துணியின் நிறம் நகத்தில் ஒட்டவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவருக்கும் நானே போட்டுவிட்டேன். இன்று மிகவும் வருந்துவது அதற்காகத்தான்.

சாதாரண நெயில் பாலிஷ் காற்றில் கரைப்பான் ஆவியாகி உலர்கிறது. ஜெல் அப்படி உலர்வதில்லை. மெதக்ரிலேட் வகையைச் சேர்ந்த சிறு மூலக்கூறுகள், புற ஊதா ஒளி பட்டதும் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியான படலமாகின்றன. ஒளியை வாங்கி அந்த வினையைத் தொடங்கிவைக்க, ஒளித் தூண்டி எனப்படும் ஒரு பொருள் ஜெல்லில் கலந்திருக்கும். எந்த அலைநீளத்தில், எவ்வளவு வலிமையான ஒளி, எத்தனை விநாடி என்பது அந்தந்த ஜெல்லின் கலவையைப் பொறுத்தது; இப்போதைய விளக்குகள் பெரும்பாலும் 365, 405 நானோமீட்டர் அலைநீளங்களில் ஒளி தருகின்றன. 2010-இல் ஷெல்லாக் என்ற பெயரில் ஜெல் பாலிஷ் சந்தைக்கு வந்து பரவிய காலத்திலிருந்தே, முறையான நிறுவனங்கள் ஜெல்லையும் விளக்கையும் இணையாகவே சோதித்து விற்கின்றன. போலி செய்பவருக்கு பாட்டிலையும் மூடியையும் பார்த்து வார்ப்பது எளிது. ஜெல்லுக்கும் விளக்குக்கும் உள்ள இந்தப் பொருத்தம் பாட்டிலின் தோற்றத்தில் இல்லை.

என் விளக்கின் அடியில் '54 வாட்' என்று ஒட்டியிருந்தது. மின்வேலை செய்யும் என் தம்பி ஒருநாள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, கூடவே வந்த யூ.எஸ்.பி. அடாப்டரைத் திருப்பிக் காட்டினான். அதில் 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தது. இரண்டையும் பெருக்கினால் 10 வாட். உள்ளே வருவதே 10 வாட் என்றால் வெளியே 54 வாட் எப்படி வரும்? மேலும், வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரத்தைத்தான் சொல்லும், நகத்தின் மேல் விழும் ஒளியை அது சொல்லாது என்றும் அவன் விளக்கினான். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். 60 விநாடிக்குப் பதில் 120 விநாடி வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்துத் தொடர்ந்தேன். மேல்பரப்பு கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் மேலே தொட்டுப் பார்த்து, அடியில் நகத்தை ஒட்டிய பகுதியும் இறுகியிருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அடர் நிறங்களில் வண்ணத்தூள் ஒளியை மறைப்பதால் இந்தக் குறை இன்னும் கூடும். அரக்கு நிறம் போட்ட நாட்களில், நகத்தின் நடுவில் பால் ஆடை சுருங்கினாற்போல் ஒரு சுருக்கம் விழும். அது இறுகாத ஜெல்லின் அடையாளம் என்று எனக்குத் தெரியாமல், டாப் கோட்டைத் தடிமனாகப் பூசி மறைத்தேன்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சமவெளியில் இருந்து எழுதும் யாரும் அதைச் சொல்லிப் பார்த்ததில்லை. மார்கழி, தை மாதக் காலைகளில் இங்கே குளிரில் ஜெல் தேன்போலக் குழகுழப்பாகிவிடும். தூரிகையில் எடுத்தால் கனமாக வரும், நகத்தில் தானாகப் பரவாது. மெல்லிய இரண்டு பூச்சுக்குப் பதில் தடித்த ஒரு பூச்சு விழும். தடித்த பூச்சில் ஒளி அடிவரை இறங்காது. மூடிய பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் நிறுத்திவைத்தால் இளகும் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். வெயிலும் வேறு விதத்தில் தொல்லை கொடுத்தது. கடல்மட்டத்திலிருந்து மேலே போகப்போக, ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது; கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் நான் திறந்து வைத்த பாட்டிலின் கழுத்திலும் தூரிகை முடியிலும் ஜெல் கட்டியாகிவிட்டது. அந்தக் கட்டிகளோடு பூசியபோது ஜெல் நகக்கண்ணிலும் சுற்றுத் தோலிலும் வழிந்தது. வழிந்ததை விரலாலேயே துடைத்தேன்.

கழற்றுவதில்தான் அசலுக்கும் போலிக்கும் உள்ள வேறுபாடு கண்கூடாகத் தெரிந்தது. குன்னூர் பார்லரில், அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து ஃபாயில் சுற்றினால் 10 முதல் 15 நிமிடத்தில் பூச்சு செதில் செதிலாக எழும்பிவிடும்; மரக்குச்சியால் இலேசாகத் தள்ளினால் போதும். என் தொகுப்பின் பேஸ் கோட் அரை மணி நேரம் ஊறியும் அசையவில்லை. நான் சுரண்டினேன். சுரண்டியபோது நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து உரிந்து வந்தது. ஆறாவது மாதத்தில் நகங்களில் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தன. அவை காகிதம்போல் வளைந்தன. குளிர்காலத்தில் வெந்நீரில் கை வைத்தால் நகத்துக்கு அடியில் எரிந்தது. பூச்சின் ஓரம் தூக்கிக்கொண்ட இடத்தில் பட்டு நூல் சிக்கி இழுத்து, வாடிக்கையாளர் ஒருவரின் சேலையில் இழை போய்விட்டது. அதற்கு ஈடாக நான் கொடுத்த பணம் அந்தத் தொகுப்பின் விலையைவிடக் கூடுதல்.

2024 நவம்பரில் அரிப்பு தொடங்கியது. முதலில் விரல் நுனிகளில், பிறகு நகத்தைச் சுற்றி, சிறு நீர்க்கொப்புளங்களோடு வந்தது. நகச்சுற்று என்று நினைத்து மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டேன். கொப்புளம் உடைந்து தோல் வறண்டு, விரல் நுனிகளில் வெடிப்பு விழுந்தது. டிசம்பர் இறுதியில் படுகர் மக்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்காக வெள்ளை உடுப்புகள் தைத்துக்கொண்டிருந்தபோது, முடித்து மடித்துவைத்த ஒன்றில் சிவப்பாக ஒரு புள்ளியைப் பார்த்தேன். என் ஆள்காட்டி விரலின் வெடிப்பிலிருந்து கசிந்த ரத்தம் அது. பண்டிகை உடுப்பு என்பதால் அதைக் கொடுக்க மனம் ஒப்பவில்லை, இரவோடு இரவாக வேறு துணியில் தைத்தேன். அடுத்த வாரம் இரண்டு கண் இமைகளும் வீங்கின. நகத்தில் பூசியதற்கும் கண் இமைக்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. விரல் முகத்தில் படும் இடமெல்லாம் இறுகாத ஜெல்லும் படும் என்பதையும், இமைத்தோல் மிக மெல்லியது என்பதையும் தோல் மருத்துவர்தான் எடுத்துச் சொன்னார்.

அவர் கோயம்புத்தூருக்கு அனுப்பி, எதனால் ஒவ்வாமை என்று கண்டறியும் பேட்ச் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். முதுகில் வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஒரு பொருள் தடவிய சிறு ஒட்டுகளை ஒட்டி, 48 மணி நேரம் நீர் படாமல் வைத்திருந்து எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு இரண்டு நாள் கழித்து மீண்டும் பார்ப்பார்கள். அதற்காகச் சித்தி வீட்டில் ஐந்து நாள் தங்கினேன். ஜெல் நகப்பூச்சுகளில் கலக்கப்படும் ஹைட்ராக்ஸி எத்தில் மெதக்ரிலேட், சுருக்கமாக ஹெமா, ஒட்டியிருந்த இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. இந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பொதுவாக வாழ்நாள் முழுவதும் தொடரும். பல் நிறத்தில் பல்லை அடைக்கும் சிகிச்சையில் பயன்படும் ஒட்டுப்பொருட்களிலும், மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் பயன்படும் எலும்புச் சிமென்ட்டிலும் இதே குடும்பத்து வேதிப்பொருட்கள் இருப்பதால், இனி எந்தப் பல் மருத்துவரிடம் போனாலும் இதை முதலில் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு வயது முப்பத்திநான்கு. 949 ரூபாய்ப் பெட்டி ஒன்று என் பல் சிகிச்சை வரைக்கும் கூடவே வரும் என்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

மருத்துவ அறிக்கையோடு குன்னூர் பார்லர் அக்காவைப் பார்க்கப் போனேன். அவர் என் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அந்தப் பொன்னிற வாசகத்தில் விரலை வைத்து, "இது எச்சரிக்கை கண்ணு. தொழில் படிச்சவங்க மட்டும் தொடணும்னு சட்டத்துக்காகப் போடறது. இவங்க இதையே விளம்பரமா ஆக்கிட்டாங்க" என்றார். ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் கொண்டுவந்து 2021-இல் நடைமுறைப்படுத்திய விதியின்படி, ஹெமா கலந்த நகப் பொருட்களைத் தொழில்முறையாளர்கள் மட்டுமே பயன்படுத்தலாம். ஒவ்வாமை ஏற்படுத்தலாம் என்பதையும் உறையில் அச்சிட வேண்டும். என் பெட்டியில் முதல் வரியை மட்டும் எடுத்துப் பொன்னிறத்தில் போட்டுவிட்டு, ஒவ்வாமை பற்றிய வரியை விட்டுவிட்டார்கள். இந்த நகப்பூச்சு வியாபாரத்தில் நான் கண்ட மிகப் பெரிய வஞ்சகம் இதுதான் என்று கருதுகிறேன். வண்ணம் வெளுப்பதையும் ஓரம் பெயர்வதையும் மன்னித்துவிடலாம்.

நம் நாட்டுச் சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படி, இறக்குமதியான பொருளில் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இறக்குமதியாளரின் பெயர், முகவரியும் இருக்க வேண்டும். இங்கே தயாரானதென்றால் தயாரிப்பு உரிம எண் இருக்க வேண்டும். இரண்டிலுமே தொகுதி எண்ணும் பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதியும் கட்டாயம். என் எட்டு பாட்டில்களிலும் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அசிட்டோன் சொட்டியதும் அழிந்துபோகும் மையில் ஒரு பெயரும் ஓர் எண்ணும் மட்டும் இருந்தன. விற்ற கடை, திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது என்ற ஒரே பதிலை மூன்று முறை அனுப்பியது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். விலையை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள், அந்தப் பொருள் வேறொரு பெயரில் இன்னமும் விற்பனையில் இருக்கிறது.

அக்ரிலிக் நகம் எனப்படும் செயற்கை நகத்துக்கான திரவம் ஒன்றையும் இதே கடையில் வாங்கி இரண்டு முறை மட்டும் பயன்படுத்தினேன். மூக்கைத் துளைக்கும் நெடி, அசிட்டோனில் கரையாத கடினம். அது மெத்தில் மெதக்ரிலேட்டாக இருக்கக்கூடும் என்று அக்கா சொன்னார். முழுக்க அந்தப் பொருளால் ஆன நகத் திரவங்களை அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 1970-களிலேயே நீதிமன்றம் வரை போய்ச் சந்தையிலிருந்து அகற்றியது. அந்த நகம் இடித்தால் உடையாது, அடியிலிருக்கும் சொந்த நகத்தைப் பெயர்த்துக்கொண்டு வரும்.

அசல் பொருள் என்றால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அசலிலும் ஹெமா இருக்கலாம். ஒளித் தூண்டியாகப் பரவலாகப் பயன்பட்ட டி.பி.ஓ. என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் தடை செய்தபோது அசல் நிறுவனங்களும் கலவையை மாற்ற வேண்டியிருந்தது. ஆனால் அசலில் என்ன கலந்திருக்கிறது என்பது எழுதியிருக்கும், எந்த விளக்கு என்பது சொல்லியிருக்கும், கேட்டால் பதில் சொல்ல ஒரு முகவரி இருக்கும். அக்கா தோலில் ஒரு துளி படவிடுவதில்லை. ரப்பர் கையுறையை இந்தத் திரவங்கள் விரைவில் ஊடுருவும் என்பதால் நைட்ரில் கையுறை அணிந்து, அதையும் அடிக்கடி மாற்றுகிறார்.

விரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும். முழு நகம் புதிதாக வர ஆறு மாதம் ஆகும். 2025 ஆகஸ்டில் ஒன்பது விரல்கள் சரியாகிவிட்டன. வலது மோதிர விரல் நகம் மட்டும் இன்றும் நுனியில் சதையை விட்டு விலகியே இருக்கிறது. ஊசி பிடிக்கும்போது அதில் நூல் நுழைந்துவிடாமல் ஒட்டு போட்டுக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரில் ஒருவருக்கு நகக்கண்ணில் அரிப்பு வந்து, நிறுத்தியதும் அடங்கியது. அவரைப் பேட்ச் டெஸ்டுக்கு அழைத்துப்போகும் செலவை நானே ஏற்றிருக்கிறேன்.

மீதமிருந்த பாட்டில்களைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது, இறுகாத ஜெல்லை அப்படியே குப்பையிலும் போடக் கூடாது. மெல்லியதாகப் பரப்பி இறுகவைத்த பிறகே எறிய வேண்டும். நான் தொட முடியாததால் தம்பி நைட்ரில் கையுறை போட்டுக்கொண்டு, மொட்டைமாடியில் ஃபாயிலை விரித்து எல்லாவற்றையும் வெயிலில் ஊற்றினான். மாலையில் வெளிர் நிறங்கள் தகடாக உரிந்து வந்தன. அரக்கு நிறத்தைக் குச்சியால் கீறியபோது, மேலே ஓடு உடைந்தது. நாள் முழுவதும் மலை வெயில் காய்ந்த பிறகும் அடியில் அது ஈரமாகவே இருந்தது.