ஒபாமா விட்டுச்சென்றவை: ஆணை, சட்டம், நீதிபதி. எது தாக்குப்பிடித்தது?

பதவியை விட்டு இறங்கிய பிறகும் தன் கை ஓங்கியிருக்க அமெரிக்க அதிபருக்கு முக்கியமாக மூன்று வழிகள்: நிர்வாக ஆணை, நாடாளுமன்றச் சட்டம், ஆயுட்கால நீதிபதி நியமனம். ஒபாமா மூன்றையும் கையாண்டார். மூன்றையும் கலைக்கப் பார்த்தவரும் ஒருவரே, அடுத்து வந்த டிரம்ப், என்பதால் ஒப்பிட வசதியாக இருக்கிறது.

ஆணையில் வேகம் உண்டு, ஆயுள் குறைவு. பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தில் 2016-இல் நாடாளுமன்ற மேலவையான செனட்டின் ஒப்புதலைக் கேட்காமலே ஒபாமா சேர்ந்தார். கேட்டிருந்தால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு கிடைத்திருக்காது. செனட் வழியாக வராத ஒன்றிலிருந்து வெளியேறவும் செனட் தேவைப்படவில்லை. டிரம்ப் விலகினார், 2021-இல் பதவியேற்ற அன்றே பைடன் மீண்டும் சேர்ந்தார், 2025-இல் பதவியேற்ற அன்றே டிரம்ப் மீண்டும் விலகினார்.

கடைசி நேரத்தில் போடும் துறை விதிகள் இன்னும் பலவீனமானவை. 1996-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, ஏறத்தாழ கடைசி 60 அமர்வு நாள்களில் வந்த விதிகளைப் புதிய நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையிலேயே ரத்து செய்யலாம். அதன்பின் அதே மாதிரி விதியைப் புதுச் சட்டம் இல்லாமல் கொண்டுவரவும் முடியாது. 2017-க்கு முன் ஒரே ஒரு முறை, 2001-இல், பயன்பட்ட இந்த ஆயுதத்தால்தான் ஒபாமாவின் கடைசி மாத விதிகள் வரிசையாகச் சாய்ந்தன.

விதிவிலக்கு டாகா. சிறுவயதில் ஆவணமின்றி அழைத்துவரப்பட்டவர்களை நாடுகடத்தாமல் விடும் திட்டம் இது. பலரும் இதை அதிபரின் ஆணை என்கிறார்கள். உண்மையில் 2012 ஜூன் 15 அன்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலர் எழுதிய குறிப்பாணை. இதை ரத்து செய்யப் பார்த்த டிரம்பை 2020-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று தடுத்தது. ரத்து செய்ய அதிகாரமில்லை என்று அது சொல்லவில்லை. இதை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொண்டவர்களை எண்ணிப்பார்க்காமல் ரத்து செய்தது தவறு என்றது.

சட்டத்துக்குக் கொடுத்த விலை பெரிது. மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் 2010 மார்ச் 21 அன்று பிரதிநிதிகள் சபையில் 219-212 என்று தேறியது. அந்த நவம்பர் தேர்தலிலேயே ஜனநாயகக் கட்சி 63 இடங்களை இழந்தது. ஆனால் கலைக்க வந்தவர்களுக்கும் அதே அளவு சிரமம். 2017-இல் குடியரசுக் கட்சிக்கு செனட்டில் 52 பேர்தான். விவாதத்தை இழுத்தடித்து மசோதாவை முடக்கும் எதிரணியின் முட்டுக்கட்டையை உடைக்க 60 ஓட்டு வேண்டும். அதனால் 51 போதும் என்கிற பட்ஜெட் வழியில் போனார்கள். அந்த வழியில் வரவு செலவு சார்ந்தவற்றைத்தான் தொடலாம். ஏற்கெனவே நோய் உள்ளவருக்கும் காப்பீடு தரவேண்டும் என்ற விதியில் கை வைப்பது கடினம்.

இதற்குள் பணம் மாநிலங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஏழைகளுக்கான மெடிகெய்டு விரிவாக்கச் செலவில் குறைந்தது 90 சதவீதத்தை மத்திய அரசு ஏற்றது. ஜூலை 28 நள்ளிரவுக்குப் பிறகு குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் மெக்கெய்ன் கட்டைவிரலைக் கீழே காட்டியதும் 49-51 என்று மசோதா விழுந்தது. அவருடைய அரிசோனா, குடியரசுக் கட்சி ஆளுநரின் கீழேயே அந்த விரிவாக்கத்தை ஏற்ற மாநிலம். கட்டாயக் காப்பீட்டு அபராதத்தை மட்டும் அதே ஆண்டு வரிச் சட்டத்தில் பூஜ்ஜியமாக்கினார்கள், சட்டம் அசையவில்லை.

நீதிபதி வழியில் ஆயுள் மிக நீளம், ஆனால் காலக்கணக்கு தப்பினால் எல்லாம் போச்சு. உச்ச நீதிமன்றத்துக்கு ஒபாமா நியமித்த சோட்டோமேயரும் ககனும் எளிதாகத் தேறினார்கள், அப்போது செனட் ஒபாமா கையில். 2016-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்காலியா இறந்தபோது அது எதிரணி கையில். அந்த இடத்துக்கு ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டுக்கு விசாரணை அமர்வுகூட நடக்கவில்லை. அதைவிடப் பெரிய பிழை, என் கணக்கில், முற்போக்கு நீதிபதி கின்ஸ்பர்க் ஓய்வு பெறாதது. 2015 தொடக்கம்வரை செனட் சாதகமாக இருந்தும் அவர் விலகவில்லை. 2020 செப்டம்பரில் அவர் இறந்தார், தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு அந்த இருக்கை டிரம்ப் நியமித்த ஏமி பாரட்டுக்குப் போனது. 2022-இல் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பை மாற்றியவர்களில் அவரும் ஒருவர்.

அதே ஆண்டு இன்னொரு முற்போக்கு நீதிபதியான பிரேயர், செனட் 50-50 என்று இருக்கும்போதே விலகினார். பைடன் அந்த இடத்துக்குக் கொண்டுவந்த கெட்டாஞ்சி பிரவுன் ஜாக்சனை 2013-இல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் முதலில் உட்காரவைத்தவர் ஒபாமாதான்.